வாக்ஸ்டேஷன் 3100 வாங்கலாமா? வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு எது தாங்கும்?

4 ஜனவரி 2025, வாசகர் கேள்வி

அண்ணே, அமெரிக்காவில் ஒருவர் வாக்ஸ்டேஷன் 3100 (டெக் நிறுவனத்தின் வாக்ஸ் வகைப் பழைய கணினி) ஒன்றை 180 அமெரிக்க டாலருக்குப் போட்டிருக்கிறார். "பவர் ஆன் ஆகிறது, மேற்கொண்டு சோதிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். இந்த விலைக்கு விடக்கூடாது என்று தோன்றுகிறது. நான் இருப்பது உட்லண்ட்ஸில் நான்கறை வீடு, ஒரு மூலை ஒதுக்கினால் போதும்தானே? எல்லாரும் வாக்ஸைப் போல நடிக்கும் மென்பொருளான சிமுலேட்டரே போதும் என்கிறார்கள். எனக்கு நிஜப் பெட்டிதான் வேண்டும்.

4 ஜனவரி, இரவு

180 டாலரை விலை என்று எண்ணாதே தம்பி. அது சுமார் 250 சிங்கப்பூர் வெள்ளி. இரும்பு உறைக்குள் இருக்கும் கனமான பெட்டி, விமானத்தில் வர 450 வெள்ளி கேட்டாலும் ஆச்சரியமில்லை. அப்புறம் பொருள், சேவை வரி 9 விழுக்காடு. அது பெட்டி விலைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் கூட்டித்தான் போடுவார்கள், ஆக 700 வெள்ளிக்கு 63 வெள்ளி. 763 வெள்ளி கொடுத்து நீ வாங்குவது "பவர் ஆன் ஆகிறது" என்ற உறுதிமொழியைத்தான். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது.

விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேள்: தொடக்கச் சோதனைத் திரையின் படம். இந்த வகை வாக்ஸ் எழுந்ததும் பதினாறடிமான எண்களில் எஃப்பிலிருந்து ஒன்று வரை ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக்கொண்டே இறங்கும். எண்ணுக்குப் பக்கத்தில் அடிக்கோடு வந்தால் அந்தப் பாகம் பொருத்தப்படவில்லை. கேள்விக்குறி வந்தால் கோளாறு, இரட்டைக் கேள்விக்குறி வந்தால் பெரிய கோளாறு. எல்லாம் முடிந்து >>> என்ற கட்டளைக் குறி வந்து நின்றால் பேச்சைத் தொடரலாம். "திரை இல்லை, அதனால் படம் எடுக்க முடியாது" என்று சொல்வார். ஒரு சீரியல் கேபிள் போதும் என்று சொல்லிப் பார், அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.

5 ஜனவரி

மின்சாரத்தைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. பெட்டியின் முதுகில் உள்ள லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல். 100 முதல் 240 வரை தானே பொருந்திக்கொள்ளும் சப்ளை என்றால் கவலையில்லை, சன் நிறுவனத்தின் பெட்டிகள் பெரும்பாலும் அப்படி. சின்னச் சிவப்பு சுவிட்சு இருந்தால் அது 115இல் நிற்கும், அப்படியே நம் சுவர்ப் பிளக்கில் செருகினால் கதை அங்கேயே முடிந்தது.

ஹெர்ட்ஸ் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சுவிட்ச்மோட் சப்ளைக்கு 50, 60 இரண்டும் ஒன்றுதான். மோட்டார் நேரடியாக ஏசியில் சுற்றும் பழைய சாதனங்களில்தான் தொல்லை. டெக்கின் ஆர்எக்ஸ்02 எட்டங்குல ஃபிளாப்பி டிரைவ் நல்ல உதாரணம்: நிமிடத்துக்கு 360 சுற்று சுற்ற வேண்டியது இங்கே 300தான் சுற்றும், வட்டு படிக்காது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லியும் பெல்ட்டும் தனியாகத் தேட வேண்டும். இது உனக்கு வேண்டாத தகவல், ஆனாலும் "அமெரிக்காவில் டெக்கின் பழைய மினிகம்ப்யூட்டர் பிடிபி-11 முழு ரேக் மலிவாகக் கிடைக்கிறது" என்று யாராவது உன்னை உசுப்பினால் நினைவு வரட்டும்.

6 ஜனவரி

சரி, சிமுலேட்டர். அதை மட்டமாகப் பேசாதே. சிம்ஹெச் என்ற சிமுலேட்டரை எழுதத் தொடங்கிய பாப் சப்னிக் டெக் நிறுவனத்திலேயே இருந்தவர். அதில் ஓடாதது உன் பெட்டியிலும் ஓடாது என்று நம்பி இறங்கலாம்.

அதைவிட முக்கியமான கேள்வி, வாக்ஸில் எதை ஓட்டப்போகிறாய்? அதன் சொந்த இயங்குதளமான விஎம்எஸ் என்பாய். பொழுதுபோக்குக்காரர்களுக்கு இலவச உரிமம் தந்துவந்த திட்டத்தை, டெக்கின் வழிவந்த எச்பிஇ 2020இல் மூடியது. இப்போது விஎம்எஸ்ஸை வளர்க்கும் விஎஸ்ஐ தரும் சமூக உரிமத்தில் வாக்ஸ் கிடையாது. அதாவது 763 வெள்ளிக்குப் பெட்டி வந்தாலும் விஎம்எஸ்ஸுக்கு முறையான புது உரிமம் வாங்க வழி இல்லை. மிச்சம் இருப்பது யூனிக்ஸ் வகை இலவச இயங்குதளமான நெட்பிஎஸ்டி, அது இன்னும் வாக்ஸை ஆதரிக்கிறது. ஓபன்பிஎஸ்டி 2016இலேயே கைவிட்டுவிட்டது. நெட்பிஎஸ்டிதான் என்றால் அதைச் சன்னின் ஸ்பார்க் பெட்டியிலும் ஓட்டலாமே, ஏன் வாக்ஸ்?

நான் ஏன் வாக்ஸ் வைத்திருக்கிறேன் என்று திருப்பிக் கேட்பாய். பிடிக்கும், அதனால்தான். ஆனால் என்னிடம் வாக்ஸ் முதல் பெட்டியாக வரவில்லை.

6 ஜனவரி, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்தால் வாக்ஸே வேண்டாம் என்று விரட்டுவது போல இருக்கிறது. அப்படியில்லை. 1977இல் வாக்ஸ்-11/780 வந்தபோது அது அலமாரிகள் வரிசையாக நிற்கும் இயந்திரம். அதே கட்டளைத் தொகுதி 1985இல் மைக்ரோவாக்ஸ் 2 வழியாக மேசைக்குப் பக்கத்தில் வந்தது, 1987இல் வாக்ஸ்டேஷன் 2000 வழியாக மேசை மேலேயே ஏறியது, 1989இல் நீ கேட்கும் வாக்ஸ்டேஷன் 3100 வந்தது. மினிகம்ப்யூட்டரின் குணம் முழுக்க, வீட்டில் வைக்கக்கூடிய அளவில். உன் ஆசை எனக்குப் புரிகிறது. வரிசையை மட்டும் மாற்று என்கிறேன்: முதலில் சன், பிறகு வாக்ஸ்.

9 ஜனவரி

"சன் வாங்கினால் டல்லாஸ் சிப் தொல்லை உண்டாமே?" என்று கேட்டிருக்கிறாய். உண்டு. ஸ்பார்க்ஸ்டேஷன் 1, 2 ஆகியவற்றில் எம்கே48டி02, ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20இல் எம்48டி08. டல்லாஸ் என்று பொதுவாகச் சொல்கிறோம், சன்னில் இருப்பவை மோஸ்டெக் வழி வந்தவை. கடிகாரமும் அமைப்புகளும் ஹோஸ்ட் ஐடியும் ஈதர்நெட் முகவரியும் அதற்குள்ளேதான். சிப்பின் தலைக்குள் லித்தியம் பாட்டரியை வைத்துப் பூசி மூடிவிட்டார்கள். பத்தாண்டு தாங்கும் என்றார்கள், இப்போது முப்பதாகிறது. செத்துப்போன சிப்போடு எழுந்தால் ஐடிபுரோம் (பெட்டியின் அடையாளத் தகவல்) செல்லாது என்று பெட்டி புலம்பும், நெட்வொர்க் முகவரி எல்லாம் எஃப்பாகவோ சுழியமாகவோ இருக்கும்.

வழி இரண்டு. புது சிப் வாங்கலாம், ஆனால் இணையச் சந்தையில் "புதியது" என்று வருவதில் பல, பழைய சிப்பைத் துடைத்து மேலே அச்சடித்தவை, பாட்டரி ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இல்லையென்றால் சிப்பின் ஓரத்தைச் சுரண்டி, உள்ளே பாட்டரிக்குப் போகும் இரண்டு கம்பியை வெட்டி, சிஆர்2032 தாங்கி ஒன்றைப் பற்றவைக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அடுத்த முறை பாட்டரியை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். பிறகு ஓகே வரியில் (இயங்குதளம் ஏறுமுன் வரும் கட்டளை வரி) முகவரியைக் கையால் எழுத வேண்டும். சன்னின் முகவரிகள் 08:00:20 என்று தொடங்கும். மீதியை நீயே வைத்துக்கொள்ளலாம், வீட்டில் இரண்டு பெட்டிக்கு ஒரே எண் வராதவரை.

வாக்ஸ்டேஷன் 3100 இந்த விஷயத்தில் நாகரிகமானது. அதன் ஈதர்நெட் முகவரி தனிச் சின்ன ரோம் சிப்பில் இருக்கிறது, பாட்டரி தீர்ந்தாலும் அழியாது. டெக்குக்கு ஒரு புள்ளி.

15 ஜனவரி

பாம் ஷெல்டரில் (வீட்டோடு கட்டிய குண்டுத் தற்காப்பு அறை) வைக்கலாமா என்ற கேள்விக்கு: கூடாது. நம்மூரில் எல்லாருக்கும் அதுதான் பொருள் அறை, எனக்கும் தெரியும். ஆனால் கதவைச் சாத்தினால் காற்றே போகாது, உள்ளே ஈரம் தேங்கும். இரும்பு உறையின் திருகுகளில் முதலில் துரு வரும், அப்புறம் வட்டை இணைக்கும் ஸ்கஸி கேபிளின் முனைகளில் வரும், கடைசியில் நாடாக்களில் பூஞ்சை. டிகே50 நாடா யாராவது இலவசமாகக் கொடுத்தால்கூட நான் வாங்குவதில்லை.

ஈரத்தைப் பற்றிப் பேசும்போது ரிஃபா கபாசிட்டரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய சப்ளைகளில் மின்சாரம் நுழையும் இடத்திலேயே தேன் நிறத்தில், உள்ளே தெரியும்படி ஒரு காகிதக் கபாசிட்டர் இருக்கும். உறையில் மெல்லிய வெடிப்பு விழும், வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போகும், ஒரு நாள் வெடித்து அறை முழுக்கப் புகை. சில சப்ளைகளில் அது சுவிட்சுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் பெட்டியை அணைத்திருந்தாலும் பிளக் சுவரில் இருக்கும்வரை அதற்கு 230 வோல்ட் போய்க்கொண்டிருக்கும். நம் ஈரப்பதத்தில் இதைச் சோதித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, பார்த்ததும் பிடுங்கி எக்ஸ்2 வகை பிலிம் கபாசிட்டர் போடு. சிம் லிம் டவரில் கிடைக்கும், சில காசுகளுக்கு. எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களையும் அதே கடையில் வாங்கிவிடு, கீழே ஈரமாக இருந்து மீன் வாடை வந்தால் அவை ஏற்கெனவே கசிந்துவிட்டன.

தொடும் முன்: சப்ளையின் முதன்மைக் கபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போகாது. மீட்டர் வைத்து அளந்து, மின்தடை வழியாக இறக்கிவிட்டுக் கை வை. முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது தொடரிணைப்பில் ஒரு குண்டு பல்பு. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது, பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

16 ஜனவரி

வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டாய். என் வீட்டில் இதற்குப் பெயர் "காராங் குனி சேர்ப்பு". பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போதெல்லாம் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார்கள்.

2 பிப்ரவரி

வட்டு. இது பெரிய விஷயம், பொறுமையாகப் படி.

பழைய ஸ்கஸி வட்டை நம்பி இயங்குதளத்தை ஏற்றாதே. புளூஸ்கஸி, ஸுலுஸ்கஸி போன்ற பலகைகள் எஸ்டி கார்டை ஸ்கஸி வட்டாகக் காட்டும், அவற்றில் ஒன்றை வாங்கு. ஆனால் வாக்ஸ்டேஷன் 3100இல் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் ரோமில் உள்ள வட்டு நிரல் ஆறு பைட் ஸ்கஸி கட்டளைகளைத்தான் பயன்படுத்தும். அதில் முகவரிக்கு 21 பிட்தான். 512 பைட் துண்டுகள் இருபது லட்சத்துச் சொச்சம், ஆக மொத்தம் 1.073 கிகாபைட். இயங்குதளம் எழுந்த பிறகு தன் சொந்த நிரலால் பெரிய வட்டையும் ஒழுங்காகப் படிக்கும், அதனால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. விஎம்எஸ் நிலைகுலைந்து நினைவகத்தை வட்டில் கொட்டும்போது மட்டும் ரோம் நிரல் வேலைக்கு வரும், எல்லை தாண்டிய முகவரி சுற்றிக்கொண்டு வட்டின் தொடக்கத்தில் போய் விழும், கோப்பு அமைப்பு அழியும். 64 கிகாபைட் கார்டு வாங்கியவர் கார்டைத் திட்டுவார். பூட் வட்டை ஒரு கிகாபைட்டுக்குக் கீழே வெட்டி வை, தரவுக்கு வேண்டுமானால் இன்னொரு வட்டு பெரிதாக இருக்கட்டும்.

சிடியிலிருந்து ஏற்ற நினைத்தால், சாதாரண டிரைவ் 2048 பைட் துண்டாகப் படிக்கும், பழைய சன்னும் டெக்கும் 512 கேட்கும். அதற்கென்று ஜம்பர் உள்ள டிரைவ் வேண்டும். புளூஸ்கஸி வகைப் பலகைகள் சிடியாகவும் நடிக்கும், அதனால் இப்போது இது பாதித் தொல்லைதான்.

2 பிப்ரவரி, மறுபடியும்

பழைய வட்டைக் கழற்றினால் தூக்கிப் போடாதே, லேபிளைப் படி. 80களிலும் 90களிலும் உலகத்தின் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பங்கு இந்தத் தீவில்தான் செய்யப்பட்டது. சீகேட் 1982இல் இங்கே வந்தது, மாக்ஸ்டர், கானர் எல்லாம் பின்னால் வந்தார்கள். என் சின்னம்மா ஒரு டிஸ்க் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும் தெரியும், எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில். "சிங்கப்பூரில் செய்தது" என்ற லேபிளோடு ஒரு வட்டு கலிபோர்னியாவிலிருந்து எனக்குத் திரும்பி வந்தபோது அவரிடம் காட்டினேன். "இதுக்கு எவ்வளவு கொடுத்தே?" என்றார். சொன்னேன். "அப்போ எங்க ஒரு வாரச் சம்பளம்" என்றார், வேறொன்றும் பேசவில்லை.

3 பிப்ரவரி

எஸ்டி கார்டு பற்றி யோசித்தேன். அறிவு அதைத்தான் சொல்கிறது, ஆனால் வட்டு சுழலாத வாக்ஸில் ஏதோ குறைகிறது. நான் இப்போது இரண்டும் வைத்திருக்கிறேன்: கார்டில் இயங்குதளம், கூடவே ஒரு நிஜ வட்டு சும்மா சுழல. காரணம் கேட்காதே. டெக்கின் பழைய வட்டான ஆர்டி53 மட்டும் வேண்டாம், அதன் தலை நிற்கும் இடத்தில் உள்ள ரப்பர் உருகிப் பிசினாகி, தலை அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

20 பிப்ரவரி

மின்கட்டணம் கேட்ட இன்னொருவருக்கு. 150 வாட் பெட்டியை நாள் முழுக்க ஓட விட்டால் மாதம் 108 யூனிட், யூனிட் சுமார் 30 காசு என்றால் 32 வெள்ளி. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏர்கான் போட்டால் தனிக் கணக்கு. அதே வேலையை ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் சிம்ஹெச் செய்தால் மாதம் ஒரு வெள்ளி. நான் சனி, ஞாயிறு மட்டும் எழுப்புவேன்.

ஓட்டாமலே வைத்தாலும் வாக்ஸுக்குக் கடிகாரச் சிக்கல் ஒன்று உண்டு. நாள்காட்டிக்கான எண்ணி நொடிக்கு நூறு தட்டு, 32 பிட், ஆகவே 497 நாளில் நிரம்பிவிடும். வருடம் என்பது அதற்குள் இல்லை, வட்டில் இருக்கிறது. புத்தாண்டு கழிந்ததும் ஒரு முறை நேரத்தை மறுபடி சொல்லிவிட வேண்டும். விஎம்எஸ்ஸின் காலக் கணக்கு தொடங்குவது 17 நவம்பர் 1858, அது வானியலாளர்களின் ஜூலியன் நாள் கணக்கிலிருந்து எடுத்தது. இத்தனை பழைய தேதியிலிருந்து எண்ணுகிற இயந்திரத்துக்கு இந்த வருடம் எது என்று நாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

8 மார்ச்

கொஞ்சம் திசை மாறுகிறேன். இங்கே ஒருவர் "விடி220இல் தமிழ் வருமா" என்று கிண்டலாகக் கேட்டார். வரும்! 1983இல் வந்த டெக் டெர்மினல் அது (கணினியோடு கேபிளில் இணையும் திரையும் விசைப்பலகையும்), அதில் நாமே வரைந்த எழுத்துகளை ஏற்ற 94 இடம் இருக்கிறது. ஆங்கிலத் தொகுப்பைத் தொடாமல் இரண்டாம் தொகுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிப் பார்ப்போம். அகர வரிசை 18, புள்ளி வைத்த மெய் 18. உகர ஊகார வரிசைகள் ஒவ்வொன்றும் வடிவம் மாறுவதால் தனித்தனியாக 36. உயிர் 11 (ஔ என்ற எழுத்தை ஒ, ள என்று பிரித்துப் போடலாம்), ஆய்தம் 1. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு 4. இகர ஈகாரக் கொக்கி 2. மொத்தம் 90. நான்கு இடம் மிச்சம்.

அழகு என்று சொல்ல மாட்டேன். பத்தே புள்ளி உயரம், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், ணகரத்தின் சுழியையும் ஞூவையும் அதற்குள் நுழைக்க முடியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். இகரக் கொக்கி தனிக் கட்டத்தில் விழும். தட்டச்சுப் பொறியில் நகராத விசை இருந்தது, கொக்கி எழுத்தின் மேலேயே ஏறும். இங்கே அந்த வசதி இல்லை, கி என்பது க-வும் கொக்கியுமாக விலகி நிற்கும். புள்ளிகளை ஆறாறாகப் பிரித்து சிக்ஸல் குறியீட்டில் அனுப்ப வேண்டும், பத்துப் புள்ளி என்றால் மேல் வரிசை ஆறு, கீழ் வரிசை நான்கு. டெர்மினலை அணைத்தால் எல்லாம் அழியும், ஒவ்வொரு முறையும் மறுபடி ஏற்ற வேண்டும்.

நம் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995இல் இங்கிருந்து தமிழை இணையத்தில் ஏற்றியதைப் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே இந்த டெர்மினலில் தமிழுக்குப் போதிய இடம் காலியாகக் கிடந்தது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

9 மார்ச்

மிச்ச நான்கு இடத்துக்கு ஜ, ஷ, ஸ, ஹ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. டி, டீ இரண்டும் கொக்கி பிரிந்தால் படிக்கவே முடியவில்லை, அவற்றுக்கு இரண்டு இடம். பிறகு ஜ, ஸ. ஹரி கோபித்துக்கொண்டால் அரி என்று எழுதுவேன்.

11 மார்ச்

விடி320இல் கட்டம் இன்னும் பெரிது என்று ஒருவர் நினைவூட்டினார், உண்மை. அதற்காக இப்போது நான் விடி320 தேட ஆரம்பித்திருப்பது யாருக்கும் தெரிய வேண்டாம்.

30 மார்ச், முதல் கேள்வி கேட்டவருக்கு

கேரோசல் இணையச் சந்தையில் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 கிடைத்தது, 120 வெள்ளி, நேரில் போய் எடுத்து மின்தூக்கியில் கொண்டுவந்துவிட்டேன் என்கிறாய். வாக்ஸை விட்டதற்கு வருத்தப்படாதே, அது எங்கும் போகாது. பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடியபின் இப்படி நேரில் தொட்டுப் பார்த்து வாங்குவது அபூர்வம்.

உனக்கு நல்ல பெட்டிதான் அமைந்திருக்கிறது. ஈதர்நெட் சாதாரண ஆர்ஜே45, அதனால் டிரான்சீவர் தேட வேண்டாம். ஆனால் வேகம் 10 மெகாபிட்தான், உன் புதிய சுவிட்சு அந்த வேகத்துக்கு இறங்குமா என்று பார். சில 2.5 கிகாபிட் சுவிட்சுகள் இறங்காது. உள்ளே வட்டு 80 பின் எஸ்சிஏ, புளூஸ்கஸிக்கு மாற்றி வேண்டும். சன்னின் சொந்த இயங்குதளத்தில் சோலாரிஸ் 9தான் கடைசி, அதற்கு மேல் முயலாதே. நெட்பிஎஸ்டி நன்றாக ஓடும்.

மானிட்டர் இல்லை என்று கவலைப்படுகிறாய். சன்னின் 13டபிள்யூ3 இணைப்புக்கு மாற்றி கிடைத்தாலும் எல்லா எல்சிடியும் அந்த சிக்னலை ஏற்காது, அந்த வழியே வேண்டாம். விசைப்பலகையைச் செருகாமல் எழுப்பு, பெட்டி தானே முதல் சீரியல் போர்ட்டுக்கு மாறிக்கொள்ளும், 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை. டெர்மினல் வைத்தால் ஒன்றை நினைவில் வை: அதை அணைக்கும்போது பிரேக் சிக்னல் போய் இயந்திரம் ஓகே வரியில் அப்படியே நின்றுவிடும். பயந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்காதே. டெர்மினலை மறுபடி போட்டு "கோ" என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

சிப்பைச் சுரண்ட நுண்துளைக் கருவி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை வருவதானால் சிப்பையும் சப்ளையையும் தனியாகக் கழற்றிக் கொண்டு வா, முழுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வராதே.